மதுரைத் தெருத் தரையைக் கிட்டத்தில் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி வீதிகளையும் அவற்றை ஒட்டிய சந்துகளையும் பல வருடங்களாகத் தரையோடு தரையாகக் குனிந்து படம் எடுத்து வருகிறேன். தார், கருங்கல், சிமெண்ட், கோலப்பொடி, சேறு, அதில் ஒட்டிக்கிடக்கும் சில்லறைச் சாமான்கள். அவ்வளவுதான். முகங்கள் கிடையாது, கோபுரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். ஞாபகம் வந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

தரையில் அப்படி என்னதான் இருக்கிறது?

சித்திரைத் தேரோட்டம் முடிந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு மாசி வீதிக்குப் போய்ப் பாருங்கள். தேரை மெதுவாக்கவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுப்பார்கள் இல்லையா, அந்தக் கட்டை தாரில் உரசிய இடம் பழுப்பாக ஒரு பட்டை மாதிரி இருக்கும். நின்று பார்த்தால் வெறும் அழுக்கு. கன்னத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவில் மரத்தின் நார் நாராகச் சிம்புகள் சிக்கி நிற்பது தெரியும். பக்கத்திலேயே சூடம் எரிந்த கருப்பு வட்டம், அதன் ஓரத்தில் நசுங்கிய ஒரு மல்லிகை மொட்டு, அதற்கு மேல் செருப்பின் வரிகள். இத்தனையும் ஒரு உள்ளங்கை அகலத்தில்.

ஆயுத பூஜைக்குக் கடை வாசலில் உடைத்த பூசணிக்காயின் குங்குமம் இரண்டு நாள் கழித்து எப்படிக் கருஞ்சிவப்பாகக் காய்ந்து வெடிக்கிறது என்பது இன்னொன்று. (பூசணித் துண்டில் வண்டி வழுக்கும், அதை முதலில் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். படம் அப்புறம்.)

இதற்குத் தனியாக, மிகக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டுமா?

வேண்டாம். குறைந்தபட்சம் முதல் வருடம் வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் நின்றபடியே கேமராவைக் கீழே காட்டி எடுக்கிறார்கள். மேலிருந்து எடுத்தால் தரை ஒரு வரைபடம் மாதிரி தட்டையாகத்தான் வரும், எவ்வளவு விலை லென்ஸ் போட்டாலும் சரி. அதே செல்போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். கேமரா இருக்கும் மேல் முனை கீழே வந்து, லென்ஸ் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்கு இறங்கிவிடும். பேவர் பிளாக்கின் விளிம்பு அங்கிருந்து பார்த்தால் ஒரு மதில் சுவர். பணம் செலவில்லாத வித்தை இது.

கேமரா வைத்திருக்கிறீர்கள், கையில் 50 மிமீ லென்ஸும் இருக்கிறது என்றால், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் போடும் எக்ஸ்டென்ஷன் குழாய் வாங்கிக்கொள்ளலாம். அதில் கண்ணாடி ஏதும் இல்லை, வெறும் காலிக் குழாய். கணக்கு எளிது: முடிவிலியில் ஃபோகஸ் வைத்த 50 மிமீ லென்ஸுக்குப் பின்னால் 25 மிமீ குழாய் போட்டால் பொருளின் உருவம் அதன் பாதி அளவில் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழும். 50 மிமீ குழாய் என்றால் முழு அளவு. முழு அளவில் கேமராவுக்குள் வரும் வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் செல்போனில் மேக்ரோ மோடு இருக்கிறது. அது போதுமா?

அதை நம்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். விலை குறைந்த போன்களில் தனியாக ஒட்டி வைத்திருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா பெரும்பாலும் விளம்பரத்துக்கு. விலை கூடிய போன்கள் மிக அகலக் கோணக் (அல்ட்ரா வைடு) கேமராவையே மேக்ரோவுக்குப் பயன்படுத்துகின்றன. 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோ 2 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் ஆகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2 செ.மீ. தூரத்தில் போனின் நிழலே பொருளின் மேல் விழுந்து உயிரை வாங்கும்.

மேக்ரோவை அணைத்துவிட்டு, மெயின் கேமராவில் 15, 20 செ.மீ. தள்ளி வைத்து, எடுத்த படத்தில் தேவையானதை வெட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சமும் தடைபடாது, ஓரங்களும் வளையாது. போர்ட்ரெய்ட் மோடு வேண்டவே வேண்டாம். எது கல், எது பின்னணி என்று தெரியாமல் ஜல்லியின் பாதியைக் குழைத்துவிடும்.

எந்த நேரத்தில் போக வேண்டும்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தரையின் மேடுபள்ளம் படத்தில் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில், தரையை வருடிக்கொண்டு வர வேண்டும். சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 1 மிமீ மணல் துகளுக்குக் கிட்டத்தட்ட 5.7 மிமீ நிழல் விழும். 30 டிகிரிக்கு ஏறிவிட்டால் அதே துகளுக்கு 1.7 மிமீதான். 45 டிகிரியில் துகள் எவ்வளவோ நிழலும் அவ்வளவே. நம் ஊரில் சூரியன் சாய்வாக ஏறாது, ஏணி வைத்த மாதிரி நேராக ஏறும். மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி. அதனால் உதயத்திலிருந்து முக்கால் மணி நேரம்தான் உங்களுக்கு. வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் சொல்லும் பொன்னான ஒரு மணி நேரம் இங்கே அவ்வளவு நீளாது.

அடுத்தது தெருவின் திசை. நம்முடைய பழைய நகரம் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிகிறது: சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு. இதில் கீழமாசி, மேலமாசி மாதிரியான வீதிகள் வடக்கு தெற்காக ஓடுபவை. காலை வெயிலைக் கிழக்குப் பக்கக் கட்டடம் மறித்துவிடும். ஏழு மீட்டர் உயரக் கட்டடமும் ஏழு மீட்டர் அகலத் தெருவும் என்று வைத்துக்கொண்டால், எதிர் ஓரத்துத் தரைக்கே வெயில் வர சூரியன் 45 டிகிரி ஏற வேண்டும். மணி ஒன்பதைத் தாண்டிவிடும். அப்போது வருகிற வெயிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆகவே காலையில் வடக்கு, தெற்கு என்று பெயர் உள்ள வீதிகளுக்குப் போங்கள். அவை கிழக்கு மேற்காக ஓடுகின்றன, வெளிச்சம் தெருவின் வழியாகவே வரும். பங்குனியிலும் புரட்டாசியிலும், அதாவது மார்ச், செப்டம்பர் 20ஆம் தேதிகளுக்குப் பிறகு சில நாட்கள், சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் எழும். அந்த வாரங்களில் வடக்கு மாசி வீதியில் ஒரு சோடா மூடிக்குப் பின்னால் ஒரு ஜாண் நிழல் நீண்டு கிடக்கும். மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே தள்ளி எழுவதால் வெயில் தெருவின் வடக்கு ஓரத்தில் மட்டும் விழும்.

சந்துகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே இன்னொருவர் போனின் டார்ச்சைத் தரையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். விடிவதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது.

நடுப்பகலில் ஒன்றுமே எடுக்க முடியாதா?

எடுக்கலாம், எனக்குப் பிடிக்காது. மதுரையில் ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 தேதிகளை ஒட்டி பகல் 12:18 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்பிக்கே நிழல் இருக்காது. அந்த நேரத்தில் தார் ரோடு ஒரு கருப்புக் காகிதம். தவிர, அந்த வெயிலில் தாரின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒருமுறை முழங்கால் ஊன்றிப் பார்த்தேன், அதோடு சரி. நிறத்துக்காக மட்டும் எடுப்பதென்றால், சிந்திய மஞ்சள், பழைய பெயிண்ட் கோடு இந்த மாதிரி, ஒரு குடை நிழலில் எடுக்கலாம்.

குனிந்து உட்கார்ந்ததும் ஆட்கள் கூடிவிடுகிறார்களே, என்ன செய்வது?

"என்னண்ணே, சாவி விழுந்துருச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருமுறை தெற்காவணி மூல வீதியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். நகைக்கடைகள் இருக்கிற தெரு வேறு. பூக்கூடையோடு போன ஒரு அப்பத்தா நின்று, "எப்பா, தோட்டுத் திருகாணியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். தொலைக்கவே இல்லை என்று சொல்லி நம்ப வைப்பதற்குள் எனக்கு வெட்கமாகிவிட்டது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் உடனே எடுத்த படத்தைக் காட்டிவிடுவேன். "இது இந்த ரோடா?" என்று ஒரு நிமிடம் பார்ப்பார்கள், சிரித்துவிட்டுப் போவார்கள். காவலர் கேட்டாலும் இதே வைத்தியம்தான். தரையைத் தவிர வேறொன்றும் படத்தில் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார்கள்.

கோலத்தைக் கிட்டத்தில் எடுப்பது எப்படி?

முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தெரு பொதுவானதுதான். ஆனால் சாணம் தெளித்து, கூட்டி, கோலம் போட்ட வாசல் அந்த வீட்டின் ஒரு அறை மாதிரி. "அக்கா, கோலத்தை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று ஒரு வார்த்தை. இதுவரை யாரும் மறுத்ததில்லை. சிலர் "இருங்க தம்பி, இன்னைக்குச் சரியா வரலை" என்று கூச்சப்பட்டிருக்கிறார்கள்.

என்ன பொடி என்று பாருங்கள். அரிசி மாவு என்றால் துகள் மெல்லியது, ஓரம் கலங்கியிருக்கும், வெயில் ஏறுவதற்குள் எறும்பு வந்துவிடும். கல்லை அரைத்த வெள்ளைக் கோலப்பொடி என்றால் துகள் கரகரவென்று பளிச்சிடும், எறும்பு சீண்டாது. ஒரு மார்கழிக் காலையில் ஒரே வாசலில் இரண்டும் இருந்தது. உள்வளையம் மாவு, வெளிவளையம் பொடி. எறும்பு வரிசை பொடியைத் தாண்டி வந்து, மாவில் மட்டும் வாய் வைத்துக்கொண்டிருந்தது. தன் தலையளவு வெள்ளைத் துகளைத் தூக்கிக்கொண்டு ஒரு எறும்பு திரும்பவும் பொடி மேட்டில் ஏறியபோது, பொடி சரிந்து அதன் பின்னங்கால்கள் புதைந்துபோயின. நாற்பது படம் எடுத்ததில் ஒன்றில்தான் ஃபோகஸ் அமைந்தது.

வெளிச்ச அளவில் ஒரு எச்சரிக்கை. இருண்ட தரையில் வெள்ளைக் கோலம் என்றால், கேமரா இருட்டைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். பொடியின் துகள்கள் காணாமல் போய் வெறும் வெள்ளைத் தீற்றல்தான் மிஞ்சும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எடுங்கள். போனில் என்றால் கோலத்தின் மேல் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள்.

சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூவைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

படத்தில் ஒரு கோடு மட்டும் தெளிவாக இருக்கிறது, மீதியெல்லாம் குழம்பிவிடுகிறது. ஏன்?

கிட்டத்தில் போகப் போகத் தெளிவின் ஆழம் சுருங்கும். பெரிய சென்சார் கேமராவில், முழு அளவில், லென்ஸின் துளையை எஃப் 8க்கு வைத்தாலும் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) ஏறக்குறைய 1 மிமீ ஆழம்தான் தெளிவாக வரும். பாதி அளவுக்கு இறங்கினால் 3 மிமீ கிடைக்கும். அதற்காகத் துளையை எஃப் 22க்குச் சுருக்கினால் ஒளி சிதறி மொத்தப் படமும் மந்தமாகிவிடும். போனின் சென்சார் சின்னது என்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. இந்த ஒரு விஷயத்தில் போன்தான் ஜெயிக்கிறது.

பல படங்களை வெவ்வேறு ஃபோகஸில் எடுத்து ஒன்றாக்கும் முறை இருக்கிறது. நான் செய்வதில்லை. தெருவில் எறும்பும் காற்றும் காத்திருக்காது. அந்த 1 மிமீ எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு எடுத்தால் குழம்பிய மீதியும் அழகாகவே இருக்கும்.

கேமராவை அசையாமல் வைக்க முக்காலி இங்கே உதவாது, அவ்வளவு கீழே இறங்காது. ஒரு துணிப்பையில் மணலைப் போட்டுக் கட்டி, அதன் மேல் கேமராவை அழுத்தி வைக்கிறேன்.

தரையைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, பிடித்த பொருளை நடுவில் வைத்து எடுக்கலாமா?

எடுக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் என்னோடு நடக்க வந்தால் வேண்டாம். ஒரு பஸ் டிக்கெட்டை நகர்த்தி வைத்த படம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். உண்மையில் கிடந்த டிக்கெட்டின் அடியில் தூசி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், ஒரு ஓரம் தாரில் ஒட்டியிருக்கும். வைத்த டிக்கெட் மிதக்கும். முன்னால் சொன்ன பூசணித் துண்டு தவிர, அபாயமான கண்ணாடிச் சில்லையும் ஆணியையும் மட்டும் எடுத்துப் போடுவேன். அதுவும் படம் எடுத்த பிறகு.

மழைக்காலத்தில்?

ஐப்பசி, கார்த்திகைதான் எனக்குப் பிடித்த மாதங்கள். ஈரத் தார் கன்னங்கரேல் என்று ஆகி, ஜல்லியின் நிறம் வெளியே வரும். காய்ந்தபோது எல்லாமே சாம்பல் நிறம் என்று நினைத்தது தவறு என்று தெரியும். சிவந்த கல், பச்சை ஓடிய கல், மினுக்கும் கல் எல்லாம் உள்ளே இருக்கின்றன. மேலே கண்ணாடி மாதிரி வெளிச்சம் அடித்தால் லென்ஸுக்கு முன்னால் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) போடுங்கள். இல்லாவிட்டால் போலரைஸ்டு கூலிங்கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். தரைக்கு 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும்.

பேவர் பிளாக் இடுக்குகளில் பாசி பிடிப்பதும் அப்போதுதான். மெக்கானிக் கடை வாசலில் தேங்கிய நீரில் ஆயில் விரிந்து வானவில் நிறம் காட்டும். அந்த நிறங்கள் படலத்தின் கனத்தைப் பொறுத்து மாறுபவை, நிமிடத்துக்கு நிமிடம் நகரும்.

குட்டை நீரில் சாக்கடை கலந்திருக்கும். கையைக் கழுவாமல் டீக்கடைக்குப் போகாதீர்கள்.

மாசி வீதிகளைத் தவிர வேறு எங்கே போகலாம்?

வைகைப் படுகை. தண்ணீர் வந்து வடிந்த பிறகு வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் ஓரமும் அப்பளம் மாதிரி மேலே சுருளும். அழகர் ஆற்றில் இறங்கிய சில நாட்கள் கழித்துப் போனால், ஆயிரக்கணக்கான வெறுங்கால் தடங்கள் அந்தச் சேற்றிலேயே இறுகிக் கிடக்கும்.

வெளி வீதிகளும் நல்ல இடம்தான். பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடம் அது. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் காலத்து வேலை. விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பதுதான். எங்காவது பள்ளம் தோண்டினால் எட்டிப் பாருங்கள், மேலே தார், அடியில் ஜல்லி, அதற்கும் கீழே செங்கல் தூளும் மண்ணும் என்று வரிவரியாகத் தெரியும்.

வண்டியூர் தெப்பக்குளத்தின் படிகள், சமணர் மலையின் பாறை, இவை எல்லாரும் எடுப்பவை. எடுங்கள், தப்பில்லை.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. சித்திரை வீதிகளோடு நின்றுகொள்ளுங்கள். அங்கே வாகனம் வராது என்பதால் நிம்மதியாகப் படுத்தே எடுக்கலாம்.

வண்டி வரும் தெருவில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காது மட்டும்தான் காவல், பேட்டரி ஸ்கூட்டர் வந்த பிறகு அதுவும் போய்விட்டது. தனியாகப் போகாதீர்கள். ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் நிற்க வேண்டும். வண்டி வரும் திசையைப் பார்த்து உட்காருங்கள். முழங்காலுக்கு ஒரு பழைய சாக்கை நான்காக மடித்துக் கொண்டுபோங்கள்.

லென்ஸில் மணல் போய்விட்டது. என்ன செய்வது?

துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு மென்மையான பிரஷ். ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விட்டால் சுழற்றாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். நான் வைகையில் ஒரு லென்ஸைக் கெடுத்து, ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். மணல் போய்விட்டது. அதற்குப் பதில் உள்ளே ஒரு தலைமுடி வந்திருந்தது. இன்றும் இருக்கிறது.

இதெல்லாம் ஒரு கலையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆரன் சிஸ்கிண்ட் (1903–1991) என்பவர் 1940களிலிருந்தே உரிந்த பெயிண்டையும் கிழிந்த போஸ்டரையும் கிட்டத்தில் எடுத்துப் புகழ்பெற்றார் என்று சொல்லிப் பாருங்கள். என் வீட்டில் எடுபடவில்லை.

படங்களுக்குப் பெயர் வைக்க வேண்டுமா?

பெயர் வேண்டாம். தேதி, நேரம், தெரு, எந்தக் கடை வாசல், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, இவ்வளவையும் எழுதி வையுங்கள். வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சோடாக்கடை வாசலில், வெயிலில் இளகிய தாரில் அழுந்தி அழுந்தி, நூற்றுக்கும் மேல் மூடிகள் பதிந்து கிடந்தன. சில துருப்பிடித்து, சில செருப்புப் பட்டுப் பட்டு வெள்ளி மாதிரி தேய்ந்து, ஒன்றில் மட்டும் இன்னும் ஆரஞ்சு நிறம். வாரா வாரம் எடுத்தேன், ஒன்றுக்கும் தேதி குறிக்கவில்லை. பிறகு ஒரு ராத்திரி மேலே புதுத் தார் போட்டுவிட்டார்கள். இப்போது படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்த மூடி எதற்கு முன்னால் வந்தது என்று துருவை வைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். பாதிதான் முடிந்திருக்கிறது.